அணுவைத் தள்ளிவைத்த பாடநூல்

ஆறு முதல் எட்டாம் வகுப்பு வரையிலான மாணவர்களுக்கு வேதியியல் நூலொன்றைத் தேர்வு செய்வோர் பெரும்பாலும் பொருளடக்கத்தையே முதலில் புரட்டுகின்றனர். எது விடப்பட்டது, விடுவதென்று யார் முடிவு செய்தார்கள் என்ற கேள்விகள் அரிதாகவே எழுகின்றன. அக்கேள்விகளை நேராக எதிர்கொண்ட முயற்சியொன்று மத்தியப் பிரதேசத்தில் முப்பது ஆண்டுகள் நடந்தது.

1972இல் கிஷோர் பாரதி, ரசூலியா நண்பர்கள் ஊரக மையம் ஆகிய இரு தன்னார்வ அமைப்புகள் ஹோசங்காபாத் மாவட்டத்தின் 16 நடுநிலைப் பள்ளிகளில் அறிவியல் கற்பித்தல் திட்டத்தைத் தொடங்கின. 1978இல் அது மாவட்டம் முழுவதும் பரவியது. 1982இல் உருவான ஏகலவ்யா நிறுவனம் பின்னர் அதன் பொறுப்பை ஏற்றது. ‘பால் வைக்யானிக்’ (குழந்தை விஞ்ஞானி) என்பது திட்டத்தின் பாடநூல். மாணவர்கள் சிறு குழுக்களாகச் சோதனை செய்து, கண்டதை எழுதி, விவாதித்து முடிவுக்கு வர வேண்டும். தேர்விலும் புத்தகத்தைத் திறந்து வைத்துக்கொள்ளலாம். மனப்பாடத்துக்கு அங்கே வேலையில்லை.

கலவைகளைப் பிரித்தல், அமிலமும் காரமும், வாயுக்கள் என வேதியியல் அந்நூலில் தாராளமாகவே இடம்பெற்றது. அணு, மூலக்கூறுக் கொள்கையை மட்டும் நூலை உருவாக்கியவர்கள் வேண்டுமென்றே தவிர்த்தனர். அந்த வயது மாணவர் தம் கையிலுள்ள சான்றுகளைக் கொண்டு அணுவை நோக்கி ஓரடியும் வைக்க இயலாது; ஆசிரியர் சொன்னார் என்பதற்காக நம்பத்தான் முடியும் என்பது அவர்கள் வாதம்.

மொழியியல் மாணவன் என்ற முறையில் இவ்வாதம் எனக்கு இன்னொரு காரணத்தாலும் வலுவாகத் தோன்றுகிறது. இந்திப் பாடநூல்களில் ‘பரமாணு’ என்பது நமது அணு. ‘அணு’ என்பதோ நமது மூலக்கூறு. (இந்தி வேதியியல் நூலைப் படிக்கத் தொடங்கும் தமிழர் முதலில் இடறுவது இங்கேதான்.) இரு சொற்களும் வைசேடிக மெய்யியலின் நெடிய மரபைச் சுமந்து வருபவை. பழகிய சொல் காதில் விழுந்தவுடன் பொருளும் விளங்கிவிட்டதென்ற மயக்கம் பிறக்கிறது. சொல்லை ஒப்பிக்கும் மாணவரையும் பொருளை அறிந்த மாணவரையும் விடைத்தாளில் பிரித்தறிவது கடினம்.

எதிர்ப்பையும் எளிதில் ஒதுக்கிவிட முடியாது. திட்டம் எட்டாம் வகுப்போடு முடிந்தது. ஒன்பதாம் வகுப்பில் மாநிலத்தின் வழக்கமான பாடநூலுக்குத் திரும்பும் மாணவருக்கு அணு புதிது. பிற மாவட்டத்து மாணவருக்கோ பெயரளவிலேனும் அறிமுகமானது. தேர்வெழுதப்போகும் பிள்ளையின் பெற்றோருக்கு இது அற்பமான கவலை அன்று. 2002இல் மாநில அரசு திட்டத்தை நிறுத்தியது. பொதுப் பாடநூல் அப்பள்ளிகளுக்குத் திரும்பியது.

அண்மையில் தேசியக் கல்வி ஆராய்ச்சி பயிற்சிக் குழுமம் பாடச்சுமையைக் குறைப்பதாகக் கூறிப் பத்தாம் வகுப்பு நூலிலிருந்து தனிம வரிசை அட்டவணைப் பாடத்தை நீக்கியபோது, அது பதினொன்றாம் வகுப்பில் இருக்கிறதே என்று சமாதானம் சொல்லப்பட்டது. பத்தாம் வகுப்புக்குப் பின் அறிவியலைத் தொடராதோருக்கு அப்பதினொன்றாம் வகுப்பு நூல் வாய்க்கப்போவதில்லை. இரண்டும் நீக்கங்களே. ஆனால் ஹோசங்காபாத்தில் வகுப்பறைகளில் சோதித்து, பள்ளி ஆசிரியர்களோடு கலந்து பேசி நூல் திருத்தப்பட்டது. அட்டவணை நீக்கப்பட்ட செய்தியோ, அதைக் கற்பித்துவந்த ஆசிரியர்களுக்கு முடிவெடுத்த பிறகே வந்து சேர்ந்தது.