தீயுண்ட மொழி

கடல்கொண்ட நிலங்களையும் நூல்களையும் பற்றிய செய்திகள் தமிழ் மரபில் வழிவழியாக வழங்கி வருகின்றன. அவற்றின் காலமும் எல்லையும் இன்னும் ஆய்வுக்குரியனவே. ஆயின், ஒரு நாடும் அதன் மக்களும் அவர்தம் மொழியும் ஒருசேரத் தீயால் அழிந்தமைக்கு அண்மைக்கால வரலாற்றிலேயே சான்று உண்டு. இந்தோனேசியத் தீவுகளுள் ஒன்றாகிய சும்பாவாவில், தம்போரா என்னும் எரிமலை 1815ஆம் ஆண்டு ஏப்ரல் திங்களில் வெடித்த நிகழ்ச்சியே அது.

நெடுங்காலம் உறங்கிக் கிடந்த அம்மலை 1812 முதல் முழங்கவும் புகையவும் தொடங்கிற்று. 1815 ஏப்ரல் 5 அன்று முதற்பெரு வெடிப்பு நிகழ்ந்தது. அப்போது ஜாவாத் தீவு ஆங்கிலேயர் ஆட்சியில் இருந்தது. ஸ்டாம்ஃபோர்டு ராஃபிள்ஸ் துணை ஆளுநராக விளங்கினார். மலையின் ஓசையைப் பீரங்கி முழக்கம் என்று கருதி, யோக்யகர்த்தாவிலிருந்து படைப்பிரிவு ஒன்று புறப்பட்டது. கடலில் ஏதோ கப்பல் இடர்ப்பட்டதெனப் படகுகளும் விடப்பட்டன. தொலைவில் இருந்தோர்க்கு அது போர் ஒலி. அடிவாரத்தில் இருந்தோர்க்கோ வாழ்வின் முடிவு.

ஏப்ரல் 10 மாலை பேரழிவு நேர்ந்தது. மலையுச்சியிலிருந்து மூன்று தீத்தூண்கள் தனித்தனியே எழுந்து வானில் ஒன்றாகக் கலந்தன என்று அண்டை நாடாகிய சங்காரின் அரசர் கூறினார். கல்மாரி பொழிந்தது, சுழற்காற்று வீடுகளைப் பெயர்த்தது, மரங்களும் மாக்களும் மக்களும் வானில் தூக்கி எறியப்பட்டனர். நிவாரண அரிசியுடன் ராஃபிள்ஸ் அனுப்பிய ஓவன் பிலிப்ஸ் என்னும் படை அலுவலர் இவ்வாய்மொழியைக் கேட்டு எழுதினார். தம்போரா, பெக்காட் என்னும் இரு சிற்றரசுகள் அடியோடு மறைந்தன. ஏறத்தாழ 4,300 மீட்டர் உயர்ந்திருந்த மலை, இன்று 2,850 மீட்டர் அளவினதாய், 6 கிலோமீட்டர் அகன்ற பெரும்பள்ளத்தை உச்சியில் தாங்கி நிற்கிறது.

தீயினும் கொடியது அதன் பின் வந்த பசி. சாம்பல் வயல்களை மூடியது; நீர்நிலைகள் கெட்டன; கால்நடைகள் மடிந்தன. 1847இல் அம்மலை ஏறிய சுவிட்சர்லாந்துத் தாவரவியலார் ஹைன்ரிக் சோலிங்கர், சும்பாவாவில் வெடிப்பினால் நேரே இறந்தோர் ஏறத்தாழ 10,000 பேர் என்றும், பட்டினியாலும் நோயாலும் இறந்தோர் ஏறத்தாழ 38,000 பேர் என்றும் கணக்கிட்டார். சங்கார் அரசரின் மகளே பசியால் மாண்டாள் எனின், குடிகளின் நிலையை விரித்துரைக்க வேண்டுவதில்லை.

மலை கக்கிய கந்தக வளி உயர்வானில் நுண்துளிப் படலமாகி உலகெங்கும் பரவி, ஞாயிற்றின் ஒளியைத் தடுத்தது. அதனால் 1816ஆம் ஆண்டு ஐரோப்பாவிலும் வட அமெரிக்காவின் வடகிழக்கிலும் கோடையற்ற ஆண்டாயிற்று. பயிர்கள் பொய்த்தன; பஞ்சம் பரவியது. ஜெனீவா ஏரிக்கரையில் ஓயா மழையால் வீட்டினுள் அடைபட்ட இளம் எழுத்தாளர்களுள் ஒருவராகிய மேரி ஷெல்லி தொடங்கிய புதினமே 1818இல் வெளிவந்த 'ஃபிராங்கன்ஸ்டைன்'. பைரன் 'இருள்' என்னும் கவிதையைப் படைத்ததும் அக்கோடையிலேதான். தம் வானை இருளாக்கியது எம்மலை என்பதை அவர்கள் அறியார்.

இலக்கிய உலகம் இக்கதையை நன்கறியும். அது மிகுதியும் அறியாதது தம்போரா மக்களின் மொழியை. வெடிப்புக்கு முன் யாரோ தொகுத்த சிறு சொற்பட்டியல் ஒன்று, 1817இல் ராஃபிள்ஸ் வெளியிட்ட ஜாவா வரலாற்று நூலில் இடம்பெற்றது. அம்மொழியினின்று எஞ்சியது அவ்வளவே. அதனை 2007இல் ஆராய்ந்த மொழியியலார் மார்க் டோனஹியூ, அது சூழ்ந்துள்ள ஆஸ்திரோனேசிய மொழிகளின் இனத்தைச் சேராதது, கிழக்கே நெடுந்தொலைவில் வழங்கும் பப்புவா மொழிகளின் பாற்பட்டது என்று நிறுவினார். பட்டியலில் எண்ணுப் பெயர்கள் உள்ளன. உடலுறுப்புகளின் பெயர்கள் உள்ளன. ஒரு தாலாட்டு இல்லை. ஓர் ஒப்பாரி இல்லை. அம்மலையைப் பற்றி அம்மக்கள் சொல்லிய ஒரு கதையும் இல்லை.

உயிர்தப்பிய அண்டை நாடாகிய பீமாவில் கவிஞர் இருந்தார். காதிப் லுக்மான் என்பார் 1830ஆம் ஆண்டளவில் மலாய் மொழியில் இயற்றிய பீமா அரசு பற்றிய 'சியாயிர்' என்னும் செய்யுள் நூல் இப்பேரழிவைப் பாடுகிறது. தம்போரா மன்னன் ஓர் அடியாரைக் கொல்வித்த பழியே மலையின் சீற்றமாயிற்று என்பது பீமா மரபு கூறும் காரணம். மறுமொழி கூறத் தம்போரா மொழி பேசுவோர் எவரும் எஞ்சவில்லை. மாண்டோர் மீது மற்றோர் சுமத்திய பழியே, அவர்தம் வரலாறாக நின்றுவிட்டது.

2004இல் ஹரால்டுர் சிகுர்ட்சன் தலைமையிலான குழுவினர், ஏறத்தாழ 3 மீட்டர் சாம்பற் படிவின் கீழ் ஒரு வீட்டை அகழ்ந்தனர். கரியான மரத்தூண்களும் வெண்கலக் கலங்களும் மட்பாண்டங்களும் இருவரின் எச்சங்களும் வெளிப்பட்டன. காடு மீண்டும் தழைத்த அம்மலைச் சாரல் 2015இல் தேசியப் பூங்காவாக அறிவிக்கப்பட்டது. மண் தன் பசுமையை மீட்டுக்கொள்ள வல்லது. அகழ்வோர் கலங்களை மீட்க வல்லர். அவ்வீட்டில் இருந்தோர் இறுதியாக ஒருவரையொருவர் அழைத்த சொற்களை மீட்பார் எவருமிலர். பாட்டை எழுதி வைப்பவர்கள் இதனைப் பிறநாட்டுச் செய்தியென்று கடந்து செல்லுதல் அரிது.