நாலு கிகாஹெர்ட்ஸில் நின்றுபோன பந்தயம்

2004 அக்டோபரில் இன்டெல் தன்னுடைய 4 கிகாஹெர்ட்ஸ் பென்டியம் 4-ஐக் கைவிட்டது. அந்த வடிவமைப்பு 10 கிகாஹெர்ட்ஸ் வரை போகும் என்று சொல்லிக்கொண்டிருந்த கம்பெனி அது.

தளம் போடுறப்ப கலவைச் சட்டியைக் கைமாத்துவாங்க இல்லையா, பைப்லைன் அதேதான். வரிசையில் ஆள் கூடினால் ஒவ்வொருவரும் நீட்டவேண்டிய தூரம் குறையும், தாளம் வேகமாகும். பென்டியம் 4-இன் பிரெஸ்காட் வரிசையில் 31 கைகள். ஆனால் புரோகிராமில் ஒவ்வொரு 'இஃப்' வரும்போதும் பதிலை ஊகித்துத்தான் அடுத்த சட்டியை ஏற்றுகிறது. ஊகம் தப்பினால் வழியில் இருப்பதையெல்லாம் கொட்டிவிட்டு முதலிலிருந்து ஆரம்பிக்கணும். கைகள் கூடக்கூட நஷ்டமும் கூடும்.

அதைவிடப் பெரிய வில்லன் வெப்பம். டிரான்சிஸ்டர் சிறுத்தால் வோல்டேஜும் குறையும், சூடு ஏறாது என்று 1974-ல் ஐபிஎம்மின் ராபர்ட் டென்னார்டும் சகாக்களும் காட்டியிருந்தார்கள். முப்பது வருஷம் அது பலித்தது. பிறகு மின்கசிவு கூடி, வோல்டேஜ் இறங்க மறுத்தது. கிளாக்கை 10 சதவீதம் ஏற்ற வோல்டேஜையும் 10 சதவீதம் ஏற்றினால் மின்சாரம் 33 சதவீதம் கூடும்.

அதனால்தான் பல கோர்கள். 2008-ல் வந்த கோர் ஐ7-ல் டர்போ. ஐ7 920-ன் அடிப்படை வேகம் 2.66. மற்ற கோர்கள் தூங்கினால், மிச்சமாகும் சூட்டுக் கணக்கில் ஒரே கோர் 2.93-க்குத் தாவும். அளவான கடன் அது. இன்றைய மெல்லிய லேப்டாப்களில் கடன்தான் பெட்டியின் மேலே கொட்டை எழுத்தில் இருக்கிறது. "அண்ணே, 5 கிகாஹெர்ட்ஸ் போட்டிருக்கான், வாங்கலாமா?" என்று கேட்கிற தம்பிகளிடம் நான் சொல்வது: வல்லத்துல கத்திரி வெயில்ல அரைமணி நேரம் கம்பைல் ஓட்டிப் பார்த்துட்டு எண்ணைச் சொல்லு. செஞ்சிக்கோட்டைப் பாறையெல்லாம் ராத்திரி வரை கொதிக்கிற ஊரு.

இந்தக் கிகாஹெர்ட்ஸ் மோகத்தோடுதான் ஐஐடி மெட்ராஸின் 'சக்தி' பிராசஸரையும் நாம் பார்த்தோம். வி. காமகோடி தலைமையிலான குழு 2018-ல் ரைஸ்கிரீக் சிப்பில் லினக்ஸை ஓட்டியபோது, "சில நூறு மெகாஹெர்ட்ஸ்தானா?" என்கிற நக்கல். எனக்கு அது எரிச்சலாகவே இருந்தது. சக்தியின் சி-கிளாஸ் கோரில் ஐந்தே படிகள், கட்டளைகள் வந்த வரிசையிலேயே ஓடும். கேம் ஆட அல்ல. கருவிகளைக் கட்டுப்படுத்த, சூட்டைப் பற்றிக் கவலைப்படாமல் நாள் முழுக்க ஒரே வேகத்தில் ஓட.

இஸ்ரோவோடு சேர்ந்து உருவாக்கிய ஐரிஸ் சிப்பும் சக்தி வழிவந்ததுதான். 2025-ல் அறிவித்தார்கள், மொஹாலியில் 180 நானோமீட்டரில் செய்தது. அது போகப்போகிற இடத்தில் காற்றே இல்லை, ஃபேன் வைத்தும் பிரயோஜனமில்லை.