சுருட்டை முடியை வீட்டிலேயே நேராக்கலாமா?

கல்யாணமோ தீபாவளியோ நெருங்கினால் ஜொகூர் பாருவிலிருந்து குளுவாங், சிகாமட் தோட்டங்கள் வரை பல வீடுகளில் இந்தக் கேள்வி எழும். அழகு நிலையத்துக்குப் போகாமல், முடியையும் கெடுக்காமல், சுருட்டையை நேராக்க வழி உண்டா? உண்டு. ஆனால் அது அடுத்த முறை தலைக்குக் குளிக்கும் வரைதான் நிற்கும். நிரந்தரமாக நேராக்கும் எந்த முறையும் மென்மையானது அல்ல.

முடி ஏன் சுருள்கிறது?

தலைத்தோலுக்குள் இருக்கும் வேர்ப்பையின் வடிவமே முடியின் சுருளைத் தீர்மானிக்கிறது. முடி கெரட்டின் என்ற புரதத்தால் ஆனது. அதைப் பிடித்து வைத்திருக்கும் பிணைப்புகளில் ஹைட்ரஜன் பிணைப்பு தண்ணீர் பட்டால் விடும், காய்ந்தால் மீண்டும் சேரும். கந்தகப் பிணைப்பு உறுதியானது, அதை ரசாயனம்தான் உடைக்கும். வீட்டு முறைகள் ஹைட்ரஜன் பிணைப்பை மட்டுமே தொடுகின்றன. ஜொகூரில் ஆண்டு முழுவதும் காற்றில் ஈரம் அதிகம். அதனால் காலையில் நேராக இருந்த முடி, வியர்வையிலும் மழையிலும் மாலைக்குள் சுருண்டு விடுகிறது.

வீட்டில் செய்யக்கூடியவை

• குளிப்பதற்கு முன் தேங்காய் எண்ணெய் தடவுங்கள். அலசும்போது முடியிலிருந்து புரதம் வெளியேறுவதை அது குறைக்கும்.

• குளித்த பின் கண்டிஷனர் தடவி, அகலப் பல் சீப்பால் நுனியிலிருந்து மேல் நோக்கிச் சிக்கெடுங்கள்.

• முடி லேசான ஈரமாக இருக்கும்போது நான்கைந்து பின்னல்களாகப் போட்டு, முழுவதும் காய்ந்த பிறகு அவிழுங்கள். மேற்கு ஆப்பிரிக்கப் பெண்கள் முடியில் நூல் சுற்றி நீட்டுவதும் இதே தத்துவம்தான். மிகச் சுருண்ட ஆப்பிரிக்க வகை முடிக்கும் இது ஒத்துவரும். இறுக்கிக் கட்டினால் நெற்றியோர முடி உதிரும்.

• அயர்ன் செய்வதானால் முடி முழுவதும் காய்ந்திருக்க வேண்டும். வெப்பத்திலிருந்து காக்கும் ஸ்ப்ரே போட்டு, 180 டிகிரிக்கு மேல் போகாமல், ஒவ்வொரு பகுதியிலும் ஒரே முறை இழுங்கள். ஈர முடியில் சூடு பட்டால் உள்ளே இருக்கும் நீர் கொதித்து முடி வெடிக்கும்.

தேங்காய்ப்பாலும் சோளமாவும் கலந்து பூசினால் முடி நேராகும் என்ற பேச்சு பரவலாக உண்டு. அந்தக் கலவை முடியை மிருதுவாக்கும், படிய வைக்கும், சுருளை மாற்றாது. சமையல் சோடா காரத்தன்மை உள்ளது. அது முடியின் மேலடுக்கைத் திறந்து வறட்சியாக்கும்.

ரசாயனங்களில் கவனம்

ரிபாண்டிங்கும் ரிலாக்சரும் கந்தகப் பிணைப்பையே உடைக்கின்றன. சில ரிலாக்சர்களில் இருக்கும் சோடியம் ஹைட்ராக்சைடு தலைத்தோலைப் புண்ணாக்கும். கண்ணில் பட்டால் உடனே நிறையத் தண்ணீரால் நீண்ட நேரம் கழுவி கிளினிக்குக் கொண்டு செல்லுங்கள். சாயம் போட்ட முடியிலும், ஏற்கெனவே ரிபாண்டிங் செய்த முடியிலும் ரிலாக்சர் போட்டால் முடி முறிந்து போகலாம். இவ்வளவுக்குப் பிறகும், மாதம் ஏறக்குறைய ஒரு சென்டிமீட்டர் வளரும் புது முடி சுருட்டையாகத்தான் வரும்.

‘கெரட்டின் டிரீட்மெண்ட்’ என்று விற்கப்படும் சில பொருள்கள் சூடேறும்போது ஃபார்மால்டிஹைட் வாயுவை வெளியிடும். உலகச் சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு அமைப்பு 2004-இல் அதை மனிதருக்குப் புற்றுநோய் உண்டாக்கும் பொருள் என்று வகைப்படுத்தியது. லேபிளில் ஃபார்மலின், மெத்திலீன் கிளைக்கால், கிளையாக்சிலிக் அமிலம் என்று இருந்தால் தவிர்த்து விடுங்கள்.

2022-இல் வெளியான அமெரிக்க ஆய்வு ஒன்று 33,000-க்கும் மேற்பட்ட பெண்களைச் சுமார் 11 ஆண்டுகள் கவனித்தது. நேராக்கும் பொருள்களை ஒரே ஆண்டில் நான்கு முறைக்கு மேல் பயன்படுத்தியவர்களுக்குக் கருப்பைப் புற்றுநோய் வரும் வாய்ப்பு, பயன்படுத்தாதவர்களைவிட இரண்டு மடங்குக்கு மேல் இருந்தது. 70 வயதுக்குள் அந்நோய் வரும் வாய்ப்பு, பயன்படுத்தாதவர்களில் 1.64 விழுக்காடு, அடிக்கடி பயன்படுத்தியவர்களில் 4.05 விழுக்காடு என அது மதிப்பிட்டது. இது ஒரு தொடர்பைத்தான் காட்டுகிறது, நேரடிக் காரணத்தை நிரூபிக்கவில்லை. என்றாலும் அடிக்கடி பயன்படுத்துவோர் யோசிக்க வேண்டிய செய்தி.

வாங்கும் முன்

மலேசியாவில் விற்கப்படும் அழகுப் பொருள்கள் சுகாதார அமைச்சின் கீழ் இயங்கும் என்.பி.ஆர்.ஏ. அமைப்பிடம் பதிவறிவிப்பு செய்யப்பட வேண்டும். பதிவறிவிப்பு எண் ‘என்.ஓ.டி.’ என்ற எழுத்துகளில் தொடங்கும். இணையத்தில் மலிவாகக் கிடைக்கும் பொருளை வாங்கும் முன், அதன் பெயரை அந்த அமைப்பின் இணையத்தளத்தில் தேடிப் பாருங்கள். எண் இருப்பதாலேயே அரசாங்கம் அதைச் சோதித்துப் பார்த்தது என்று பொருளல்ல. எண்ணே இல்லை என்றால் வாங்க வேண்டாம்.

பள்ளிப் பிள்ளைகளுக்கும் கர்ப்பிணிகளுக்கும் ரசாயனம் வேண்டவே வேண்டாம். ஒருநாள் விசேஷத்துக்கு இரவில் போடும் பின்னல் போதும். மறுநாள் தலைக்குக் குளித்தால் பிள்ளையின் சுருட்டை முடி சேதமில்லாமல் திரும்பி வந்துவிடும்.