மழை ஏட்டில் பிறந்த ஒத்திகை

தோட்டத்து ஆபீஸ் முற்றத்தில் மழைமானி ஒன்று நிற்கும். காலை எட்டரை மணிக்குக் கிளாக்கர் அதைத் திறந்து, சேர்ந்திருக்கும் தண்ணீரைக் கண்ணாடிக் குழாயில் ஊற்றி, கண்ணுக்கு நேரே பிடித்துப் பார்த்து, இத்தனை மில்லிமீட்டர் என்று ஏட்டில் எழுதுவார். வளிமண்டலவியல் திணைக்களத்துக்கு மழைக்கணக்கு அனுப்பும் இடங்களில் பல இன்றும் தேயிலைத் தோட்டங்கள்தான். மலையக நீர்மின்சாரத்தின் கணினி ஒத்திகை, அதாவது சிமுலேஷன், பிறந்த கதையை நான் இந்தக் குழாயிலிருந்துதான் தொடங்குவேன்.

1918இல் டி. ஜே. விமலசுரேந்திர என்ற பொறியியலாளர், களனியின் இரு கிளைகளான கெசல்கமுவ ஓயாவும் மஸ்கெலியா ஓயாவும் நாட்டுக்கே மின்சாரம் தரும் என்று கணக்குப் போட்டுக் கட்டுரை வாசித்தார். 1920களில் தொடங்கிய வேலை பணமில்லாமல் நின்றது. லக்சபான மின்நிலையத்திலிருந்து மின்சாரம் வந்தது 1950இல்தான்.

அந்தக் காலத்தில் அணையின் அளவைத் தீர்மானிக்க, 1883இல் ரிப்பிள் என்பவர் சொன்ன வழி இருந்தது. வந்த தண்ணீரை மாதாமாதம் கூட்டிக் கோடு வரைந்து, மோசமான வறட்சிக்கு எவ்வளவு தேக்க வேண்டும் என்று அதில் அளப்பார்கள். ஆனால் ஆறு நமக்கு ஒரு வரலாற்றைத்தான் ஓடிக் காட்டியிருக்கிறது. நாளைய வறட்சி நேற்றையதைப் போலவே வரும் என்று யார் சொன்னது? 1950களின் நடுவில் ஹார்வர்ட் பல்கலைக்கழகத்தில் நீர்வளத் திட்டம் ஒன்றைத் தொடங்கியவர்கள், பழைய பதிவுகளின் இயல்பை வைத்து, நடக்காத ஆனால் நடக்கக்கூடிய ஆண்டுகளைக் கணினியில் ஓடவிட்டார்கள். 1962இல் அது புத்தகமாக வந்தது. பிரேசிலில் பெரெய்ராவும் பின்டோவும் 1991இல் வெளியிட்ட முறை அங்கிருந்து இன்னும் நெடுந்தூரம் போனது. எஸ்.டி.டி.பி. என்ற அந்தக் கணிப்புமுறையின் பெயரை இலங்கை மின்சார சபையின் நீண்டகாலத் திட்டங்களிலும் காணலாம்.

இங்கே அதற்கு என்ன வேலை? காசல்ரீ நீர்த்தேக்கத்தில் திறக்கும் தண்ணீர் விமலசுரேந்திர மின்நிலையத்தில் டர்பைனைச் சுழற்றி, நோட்டனில் தேங்கி, பழைய லக்சபான நிலையத்திலும் சுழற்றி, கடைசியாகப் பொல்பிட்டிய நிலையத்திலும் சுழற்றிவிட்டுத்தான் களனியோடு போகும். வானம் சும்மா கொடுத்த தண்ணீர்தான். ஆனாலும் அதற்கு விலை உண்டு. நாளை எரிக்கவேண்டிய எண்ணெயின் விலை அது. இன்று திறந்துவிட்டு மழை பொய்த்தால் எண்ணெய் எரியும். பிடித்து வைத்திருக்கும்போது மழை கொட்டினால் வான்கதவு வழியே பணம் ஓடும். 1996இல் மழை பொய்த்தபோது, ஏறக்குறைய முழுக்க நீரையே நம்பியிருந்த நாடு மணிக்கணக்கில் இருளில் கிடந்தது. இந்த இரு பயங்களுக்கும் நடுவே எந்த மட்டத்தில் கதவை வைப்பது என்பதைத்தான் நூற்றுக்கணக்கான கற்பனை ஆண்டுகள் ஓடிச் சொல்கின்றன.

மென்பொருளுக்கும் ஆட்களுக்கும் ஆகும் செலவு ஓர் அணையின் செலவில் தூசு. விலைமதிக்க முடியாதது பதிவுதான். ஞாயிற்றுக்கிழமை அளக்காமல் விட்டு, திங்களன்று இரண்டையும் சேர்த்து எழுதினால், காய்ந்த ஒரு நாளையும் இல்லாத ஒரு பெருமழையையும் வெள்ளக்கணக்கு நம்பிவிடும். தவறவிட்ட ஒரு நாளை எந்தக் காசு கொடுத்தும் வாங்க முடியாது.

இந்தக் கணக்கில் ஏறாதவையும் உண்டு. மவுசாக்கலை அணை 1969இல் எழுந்தபோது பழைய மஸ்கெலியா தண்ணீருக்குள் போனது. இந்த மலைகளில் பிறந்த மின்சாரம் கொழும்பை எட்டிய பிறகும் தோட்டத் தொழிலாளர் வாழும் பல லயங்களில் நெடுங்காலம் மண்ணெண்ணெய் விளக்குதான் எரிந்தது. எண்ணெய் மிச்சத்தைக் காசில் சொல்லும் கணிப்புமுறை அந்த இருட்டுக்கு ஒரு விலை போடவில்லை. போட்டிருக்க வேண்டும் என்றே நினைக்கிறேன்.

கடும் வறட்சியில் மட்டம் இறங்கும்போது மவுசாக்கலையில் பழைய கோயில் தலைகாட்டும். வெடித்த சேற்றில் நடந்து போய்ச் சனங்கள் அதைப் பார்த்துவிட்டு வருவார்கள். அதே காலையில் மேலே ஆபீஸ் முற்றத்தில் காய்ந்துகிடக்கும் மழைமானியைத் திறந்து பார்த்து, கிளாக்கர் ஏட்டில் ஒரு பூஜ்யத்தை எழுதுவார்.