ஸ்பைடர்-மேன்: ஃபார் ஃப்ரம் ஹோம்

ஸ்பைடர்-மேன்: ஃபார் ஃப்ரம் ஹோம், 2019 ஜூலையில் அமெரிக்காவில் வெளியான சூப்பர் ஹீரோ திரைப்படம். இயக்கியவர் ஜான் வாட்ஸ். டாம் ஹாலண்ட், ஜெண்டயா, ஜேக் ஜில்லன்ஹால் ஆகியோர் முதன்மை வேடங்களில் நடித்தனர். அதே ஆண்டில் வந்த ‘அவெஞ்சர்ஸ்: எண்ட்கேம்’ படத்தில் அயர்ன் மேன் டோனி ஸ்டார்க் இறந்ததைத் தொடர்ந்து கதை நகர்கிறது.

ஸ்பைடர்-மேனான பதினாறு வயது பீட்டர் பார்க்கர் வகுப்புத் தோழர்களுடன் ஐரோப்பாவுக்குச் சுற்றுலா போகிறான். பிடித்த பெண்ணிடம் மனத்தைத் திறக்க வேண்டும் என்பதே அவன் கவலை. உலகமோ, அடுத்த அயர்ன் மேன் இவன்தானா என்று அவனைப் பார்க்கிறது. ஸ்டார்க் அவனுக்கு விட்டுச்சென்ற கண்ணாடி, விண்வெளியிலிருந்து ஆயுத டிரோன்களை வரவழைக்க வல்லது. அந்தச் சுமையைத் தாங்க முடியாமல், நம்பிக்கையூட்டிப் பேசும் குவென்டின் பெக்கிடம் அதை அவனே கொடுத்துவிடுகிறான். பெக் உண்மையில் ஒரு மோசடிக்காரன். டிரோன்களையும் ஒளிப்படிமங்களையும் கொண்டு போலி அரக்கர்களை உருவாக்குபவன். மிஸ்டீரியோ என்ற பெயரில் வலம்வரும் பெக்கின் பாத்திரம் காமிக்ஸில் 1964இலேயே தோன்றியது.

பெர்லினில் பீட்டரைச் சிக்கவைக்கும் மாயக்காட்சியே படத்தின் உச்சம்; ஸ்டார்க்கின் கல்லறை வரை அவனுடைய குற்றவுணர்வு அங்கே உருவம் பெறுகிறது. வெனிஸ், பிராக் நகர்களில் நடக்கும் சண்டைகளுக்கு அந்த அழுத்தம் இல்லை. உலகளவில் நூறு கோடி டாலர் வசூலைத் தாண்டிய முதல் ஸ்பைடர்-மேன் படம் இதுவே. இதன் தொடர்ச்சியான ‘நோ வே ஹோம்’ 2021இல் வெளியானது.