காவிரிப் படுகையில் பயனர் கணக்கு: பதிவேடு முதல் செயலி வரை

பயனர் நடத்தைப் பகுப்பாய்வு என்பது ஒரு செயலியை யார், எப்போது திறக்கிறார்கள், எந்தப் பக்கத்தில் தங்குகிறார்கள், எங்கே பாதியில் விட்டுப் போகிறார்கள் என்பதைச் செயலிக்குள்ளேயே பதிந்து எண்ணும் முறையாகும். 2005 நவம்பரில் கூகுள் அனலிட்டிக்ஸ் இலவசமாகக் கிடைக்கத் தொடங்கியபின் இணையதளங்களில் இது பரவலாயிற்று. தமிழ்க் கிராமங்களில் இதே வேலையை அதற்கு முன்பே ஒரு நோட்டுப் புத்தகம் செய்துவந்தது.

எம். எஸ். சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனம் 1998இல் வில்லியனூரை மையமாகக் கொண்டு புதுச்சேரிக் கிராமங்களில் தகவல் மையங்களைத் தொடங்கியது. யார் வந்தார், எதைக் கேட்டார் என்பதைத் தன்னார்வலர்கள் பதிவேட்டில் எழுதினர். பெண்களும் தலித் மக்களும் உள்ளே வருகிறார்களா என்பதை அதை வைத்து அறிய முடிந்தது. ஆனால் வீராம்பட்டினத்தில் அந்தக் கணக்கு போதவில்லை என்றே சொல்லலாம். அங்கே அமெரிக்கக் கடற்படையின் இணையதளத்திலிருந்து எடுத்த அலை உயர முன்னறிவிப்பை ஒலிபெருக்கியில் அறிவித்தார்கள். அதைக் கேட்டு அன்று கடலுக்குப் போவதா வேண்டாமா என முடிவெடுத்த மீனவர் மையத்தின் வாசலையே மிதித்திருக்க மாட்டார். மையத்தின் மிகப் பெரிய பயன்பாடு பதிவேட்டில் ஏற வழியே இல்லை.

இதே நிறுவனமும் இஸ்ரோவும் சேர்ந்து அமைத்த கிராம வள மையங்கள், தஞ்சை மாவட்டத்துத் திருவையாற்றிலும் செம்பட்டி, தங்கச்சிமடம் ஆகிய ஊர்களிலும் 2004 அக்டோபர் 18 அன்று செயற்கைக்கோள் இணைப்புடன் தொடங்கின. 2018 ஏப்ரலில் தமிழக அரசின் ‘உழவன்’ செயலி வந்தது. மையத்துக்கு நடந்துபோய்க் கேட்ட சந்தை விலை, வானிலை, மானியம் பற்றிய செய்திகள் கைப்பேசிக்கே வந்துவிட்டன.

இத்தகைய செயலியில் பகுப்பாய்வைச் சேர்ப்பவர் டெல்டாவின் பருவத்தை அறிந்திருக்க வேண்டும். மேட்டூர் அணை வழக்கமாக ஜூன் 12இல் திறக்கப்படும். குறுவை, சம்பா, தாளடி எல்லாம் அதையொட்டியே நடக்கும். சித்திரை, வைகாசியில் ஆற்றுப் பாசன விவசாயி செயலியைத் திறக்காவிட்டால், மாதக் கணக்கு அவர் செயலியைக் கைவிட்டதாகக் காட்டும். அவருக்கோ வயலில் வேலை இல்லை, அவ்வளவுதான். டீக்கடையில் ஒருவர் நெல் விலையைப் பார்த்து நாலு பேருக்குச் சொன்னாலும் கணக்கில் ஒருவர்தான். வீராம்பட்டினத்து ஒலிபெருக்கியின் கதையே இங்கும் நடக்கிறது.

இவை எண்ணிக்கைப் பிழைகள். குத்தகைக்காரர் விடுபடுவது இவற்றைவிடப் பெரிய விஷயம். கோயில், மடத்து நிலங்கள் மிகுந்த இந்தப் பகுதியில் நிலம் ஒருவர் பெயரிலும் உழைப்பு இன்னொருவர் கையிலும் இருப்பது பழைய சங்கதி. 1952இன் தஞ்சைக் குத்தகைதாரர், பண்ணையாள் பாதுகாப்புச் சட்டமும் 1969இன் குத்தகை உரிமைப் பதிவுச் சட்டமும் இதையொட்டி வந்தவையே. பதிவு செய்யாத வாய்மொழிக் குத்தகைக்காரர், சிட்டா கேட்கும் பக்கத்துக்கு வந்ததும் செயலியை மூடிவிடுவார். பகுப்பாய்வில் ‘வெளியேறினார்’ என்று மட்டும் விழும், காரணம் விழாது. அந்தப் பக்கத்திலேயே ‘சொந்த நிலம்’, ‘குத்தகை நிலம்’ என இரண்டு பொத்தான்கள் வைத்து, எதை அழுத்தியவர்கள் நின்றுபோகிறார்கள் என்று தனித்தனியே எண்ணினால், தடுக்கி விழுபவர் யார் என்பது ஒரு போகத்துக்குள் தெரிந்துவிடும்.