பி.எம்.டபிள்யூ 507: கம்பெனியையே கவிழ்க்கப் பார்த்த கார்

1955-ம் வருடக் கோடைக்காலம். நியூயார்க்கில் வால்டார்ஃப் அஸ்டோரியா ஹோட்டலில் ஒரு புது காரை அறிமுகம் செய்கிறார்கள். இரண்டே இரண்டு சீட், மடக்கி வைக்கிற துணிக்கூரை, நீளமான முன்பக்கம், பக்கவாட்டில் மீனின் செவுள் மாதிரி காற்றுத் திறப்புகள். பெயர் பி.எம்.டபிள்யூ 507. உலகின் அழகான கார்கள் என்று இன்றைக்கு யார் பட்டியல் போட்டாலும் இது அதில் இருக்கும். அது கார் பிரியர்கள் சமாச்சாரம். காமர்ஸ் படிக்கிறவர்கள் இதைத் தெரிந்துகொள்ள வேண்டிய காரணம் வேறு!

கொஞ்சம் பின்னால் போவோம். இரண்டாம் உலகப்போர் முடிந்தபோது பி.எம்.டபிள்யூ கிட்டத்தட்ட தரைமட்டம். கார் செய்துவந்த ஐசனாக் தொழிற்சாலை சோவியத் பக்கம் போய்விட்டது. மூனிக்கில் மிச்சம் இருந்த அலுமினியத்தில் சட்டி பானை செய்துதான் பிழைப்பு ஓடியது. 1948-ல் மோட்டார் சைக்கிள், 1952-ல் 501 என்ற பெரிய கார். போரில் நொந்துபோன நாட்டில் அவ்வளவு பெரிய காரை வாங்க எத்தனை பேர் இருப்பார்கள்? இந்தக் கேள்வியை அப்போதே யாராவது உரக்கக் கேட்டிருக்கலாம்.

இந்த நேரத்தில்தான் மாக்ஸ் ஹாஃப்மன் வருகிறார். ஆஸ்திரியாவில் பிறந்து நியூயார்க்கில் ஐரோப்பிய கார்களை இறக்குமதி செய்து விற்றவர். ஒரு பக்கம் மெர்சிடிஸ் 300 எஸ்.எல்., விலை எட்டாத உயரம். இன்னொரு பக்கம் எம்.ஜி., ட்ரையம்ஃப், விலை மலிவு, வேகம் குறைவு. நடுவில் ஒரு இடம் காலியாக இருக்கிறது, 5,000 டாலருக்கு ஒரு ஸ்போர்ட்ஸ் கார் கொடுங்கள், வருடத்துக்கு 5,000 கார் விற்கலாம் என்பது அவர் கணக்கு. காரை வரைய ஆல்பிரெக்ட் கோர்ட்ஸ் என்ற வடிவமைப்பாளரையும் அவரே சிபாரிசு செய்தார்.

கோர்ட்ஸ் தன் வேலையைப் பிரமாதமாகச் செய்துவிட்டார். சிக்கல் தொழிற்சாலைக்குள். 3.2 லிட்டர் வி8 எஞ்சின், 150 குதிரைத்திறன், அலுமினிய பாடி. அந்த பாடியை அச்சில் அழுத்தி எடுக்கவில்லை, ஆட்கள் கையால் தட்டித்தட்டி உருவாக்கினார்கள். அதனால் ஒரு கார் மாதிரி இன்னொரு கார் இருக்காது. 11 கார்களுக்குத் தனியாகக் கழற்றி மாட்டும் கெட்டிக்கூரையும் செய்துகொடுத்தார்கள். ஒரு காரின் கூரை அடுத்த காருக்குப் பொருந்தாது! தீபாவளிக்கு டெய்லரிடம் அளவு கொடுத்துத் தைப்பது மாதிரிதான். ஆரம்பகால கார்களில் 110 லிட்டர் பெட்ரோல் டேங்க் சீட்டுக்குப் பின்னாலேயே இருந்ததால் உள்ளே பெட்ரோல் வாசனை வேறு.

இப்படிச் செய்த காரை 5,000 டாலருக்குத் தர முடியுமா? அமெரிக்காவில் விலை முதலில் 9,000 டாலர், பிறகு 10,500. எந்தக் காலி இடத்துக்காகக் காரைச் செய்தார்களோ அந்த இடத்தைத் தாண்டி, நேராக மெர்சிடிஸின் வாசலில் போய் நின்றது. விலை ஏறியதால் விற்பனை படுத்தது. விற்பனை படுத்ததால் அச்சு, இயந்திரம் என்று முதலீடு போட்டு அடக்க விலையைக் குறைக்க வழியில்லை. விற்ற ஒவ்வொரு காரிலும் நஷ்டம். 1959-ல் உற்பத்தியை நிறுத்தும்போது மொத்தம் 252 கார்கள், அதற்கு முன் செய்த மாதிரிகள் இரண்டு. ஹாஃப்மன் கணக்குப்படி இது மூன்று வார உற்பத்திகூட இல்லை!

வாங்கியவர்கள் பட்டியல் மட்டும் ஜோர். ராணுவச் சேவைக்காக ஜெர்மனியில் இருந்த எல்விஸ் பிரெஸ்லி ஒன்றை வைத்திருந்தார். வெள்ளைக் கார். ரசிகைகள் லிப்ஸ்டிக்கால் அதில் எழுதிவைத்ததில் சலித்துப்போய் சிவப்பு பெயின்ட் அடித்துவிட்டார் என்பார்கள்.

நியாயமாகச் சொன்னால், பழி முழுவதையும் 507 தலையில் கட்டக்கூடாது. மோட்டார் சைக்கிள் விற்பனையும் அந்தக் காலத்தில் சரிந்தது. உச்சியில் வி8 கார்கள், அடியில் முட்டை மாதிரி இருக்கும் இசெட்டா என்ற குட்டிக் கார். சம்பளக்காரக் குடும்பம் வாங்குகிற நடுத்தரக் கார் ஒன்றுகூட இவர்களிடம் இல்லை. 507 அந்த நோயின் அழகான அறிகுறி, அவ்வளவுதான்.

1959 டிசம்பர் 9, மூனிக்கில் பங்குதாரர் கூட்டம். கம்பெனியை டைம்லர்-பென்ஸ் கையில் கொடுத்துவிடலாம் என்பது திட்டம். டாய்ச் வங்கியின் ஆதரவும் அதற்கு இருந்தது. சிறு பங்குதாரர்கள் பலருடைய ஓட்டு, அவர்கள் பங்குகளை வைத்திருந்த வங்கிகளின் கையில். ஆக, முடிவு தெரிந்த ஆட்டம். தொழிலாளர்களும் டீலர்களும் என்ன ஆவார்கள்?

அங்கேதான் கணக்குப் புத்தகம் கைகொடுத்தது. டீலர்கள் சார்பில் வந்த வக்கீல் ஃப்ரீட்ரிக் மாதர்னும், எரிக் நோல்ட் என்ற நிலக்கரி வியாபாரியும் எதிர்த்து நின்றார்கள். 700 என்ற புது சின்னக் காரின் உருவாக்கச் செலவை ஒரே வருடக் கணக்கில் தள்ளியிருக்கிறார்கள், பல வருடம் ஓடப்போகிற காரின் செலவைப் பல வருடத்துக்குப் பிரித்தல்லவா எழுதவேண்டும், அதனால்தான் நஷ்டம் இவ்வளவு பெரிதாகத் தெரிகிறது என்று பிடித்துக்கொண்டார்கள். பேலன்ஸ் ஷீட்டில் தவறு என்றால் 10 சதவீத ஓட்டு இருந்தாலே கூட்டத்தை ஒத்திவைக்கலாம் என்பது ஜெர்மன் சட்டம். கூட்டம் தள்ளிப்போனது, டைம்லர் திட்டமும் அதோடு போனது. அடக்க விலைக் கணக்கில் தோற்ற கம்பெனி, தேய்மானக் கணக்கு மாதிரி ஒரு விஷயத்தில் தப்பித்தது!

இதையெல்லாம் பார்த்துக்கொண்டிருந்தவர் ஹெர்பர்ட் குவான்ட். சிறுவயதிலேயே பார்வையை ஏறக்குறைய இழந்த தொழிலதிபர். கூடவே இருந்த ஆலோசகர்கள் வேண்டாம் என்றும் கேட்காமல், தன் பங்கை அதிகமாக்கிக் கம்பெனியைக் கையில் எடுத்தார். 1961-ல் ஃப்ராங்க்ஃபர்ட் கண்காட்சியில் பி.எம்.டபிள்யூ 1500 வந்தது: நாலு கதவு, நடுத்தர அளவு, அச்சில் அடித்த இரும்புத் தகடு பாடி. அதுதான் விற்றது.

507-ன் கதை? பந்தய வீரர் ஜான் சர்ட்டீஸ் ஐம்பதுகளிலிருந்து கடைசிவரை வைத்திருந்த கார் 2018-ல் ஏலத்துக்கு வந்து 38 லட்சம் பவுண்டுக்குப் போனது. எல்விஸின் கார் அமெரிக்காவில் பூசணிக்காய் கிடங்கு ஒன்றில் எஞ்சின் இல்லாமல் கிடந்தது. பி.எம்.டபிள்யூ அதை வாங்கிக்கொண்டுபோய், பழைய முறையிலேயே செப்பனிட்டு, மறுபடி வெள்ளை அடித்து, 2016-ல் கண்காட்சியில் நிறுத்தியது.